இடிபடும் வீட்டிற் குடியிருந்தேன்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று முன்னோர் சொல்லி வைத்தனர். இரண்டையும் செய்து பார்த்தவன் நான். ஆயினும் அவ்விரண்டினும் கடினமான மூன்றாவது ஒன்று உண்டென்பதை அவர்கள் ஏனோ சொல்லாமலே விட்டுவிட்டனர். குடியிருக்கும் வீட்டை, அதிற் குடியிருந்துகொண்டே இடித்துத் திருத்துவதுதான் அது. புதுவீடு கட்டுபவன் மாலையானதும் தூசைத் தூசின்பாட்டில் விட்டுவிட்டுத் தன் பழைய வீட்டுக்குப் போய்விடலாம். எனக்கோ, உண்ணும் சோற்றுக்கும் உடைபடும் சுவருக்கும் இடையே பத்தடி தூரந்தானும் இருக்கவில்லை. சென்ற ஆண்டு ஆனி மாதத்திலே தொடங்கி ஐம்பத்திரண்டு நாட்கள் அந்நிலையில் வாழ்ந்தேன். அந்நாட்களிற் கற்றதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீடு வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலே என் பாட்டனார் கட்டியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியெங்கும் சுண்ணக்கல்லே கிடக்கின்றது. அந்தக் கல்லையே சுவராக அடுக்கி, அந்தக் கல்லையே சுட்டெடுத்த சுண்ணாம்பினாற் சாந்து குழைத்துப் பூசி, பனஞ்சலாகைகளின் மேல் ஓடு வேய்ந்து எழுப்பிய வீடு. சிவப்புச் சாயமிட்ட சீமெந்து நிலம் என் தந்தையார் இட்டது. 1950 இல் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை தொடங்கியபின் இப்பகுதியில் அத்தகைய நிலம் இல்லாத கல்வீடு அருமையாயிற்று. அத்தொழிற்சாலை போரினால் 1990 இல் இயங்காது நின்றுவிட்டது. அந்தச் சீமெந்தில் இட்ட நிலங்கள் மாத்திரம் இன்றும் முகம் பார்க்கும் பளபளப்போடு கிடக்கின்றன. வீட்டின் பின்புறத்திலே குசினியை ஒட்டிய பத்தி ஒன்று. அதற்குக் கல்நார்த் தகட்டுக் கூரை. மலசலகூடம் வளவின் கோடியிலே, கிணற்றுக்கும் அப்பால்.

அந்தக் கோடிதான் எல்லாவற்றுக்கும் காரணம். என் தாயாருக்கு எண்பத்தாறு வயது. ஒரு நாள் இரவு, என்னை எழுப்ப மனமில்லாமல், கையில் விளக்கோடு தனியே நடந்துபோய் முற்றத்திலே விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை என்பது ஆண்டவன் செயல். மறுநாளே, அவருடைய அறையோடு சேர்ந்தாற்போல ஒரு குளியலறை கட்டுவதென்று தீர்மானித்தேன். அதற்காக ஓர் உட்சுவரை இடிக்கவேண்டும். ஒரு வாசலை அகலமாக்கவேண்டும். பத்தியின் கூரையைக் கழற்றவேண்டும். ஆனால் அம்மாவுக்கு இளமை தொட்டே தொய்வு வருத்தம் உண்டு. நெல் தூற்றும் இடத்தாற்கூட அவர் போகமாட்டார். அவருக்காகச் செய்யும் வேலையே அவருடைய மூச்சுக்கு எமனாகக்கூடும் என்பது அன்று என் புத்திக்கு எட்டவில்லை.

எட்டியது மேசனுக்குத்தான். வேலை தொடங்குவதற்கு முதல்நாள் அவர் வந்து அம்மாவின் கட்டிலருகே குந்தியிருந்தார்.

“ஆச்சி, நாளைக்கு உந்தச் சுவரை இடிக்கப் போறம். நீங்கள் ரண்டு கிழமைக்கு மகளின்ர வீட்டை போய் நில்லுங்கோவன்.”

“நான் ஒரு இடமும் வரமாட்டன்” என்றார் அம்மா. “தொண்ணூற்றைஞ்சிலையும் ரண்டு நாளைக்கெண்டு சொல்லித்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு போனவை.”

மேசன் அதன்பின் பேசவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு, கொட்டும் மழையிலே வலிகாமத்து மக்கள் எல்லாரும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது அவரும் நடந்தவர்தாம். நாங்கள் திரும்பி வந்தது அடுத்த சித்திரையின் பின்பு. வீட்டை விட்டுப் போவது என்ற சொல்லுக்கு எங்கள் ஊர் முதியோரின் அகராதியிலே வேறு பொருள் உண்டு. ஆகவே அம்மா வீட்டிலே இருப்பார், வீடும் இடிபடும் என்று முடிவாயிற்று.

முதல்நாள் நான் செய்த ஏற்பாடுகளை நினைத்தால் இன்றும் வெட்கமாயிருக்கிறது. இடிக்கும் அறையின் வாசலிலே இரண்டு பழைய நூற்சேலைகளைத் தொங்கவிட்டேன். அம்மாவின் அறைக்கதவைச் சாத்தினேன். “பின்னேரம் வடிவாய்க் கூட்டிவிடலாம்” என்று மனைவியிடம் சொன்னேன். அவ்வளவே. சுவரில் முதலாவது அலவாங்கு இறங்கியதும், பாட்டனார் காலத்துச் சுண்ணாம்பு வெண்புகையாகக் கிளம்பியது. ஆனி மாதத்துச் சோளகக் காற்று தென்புறத்து யன்னலால் நுழைந்து, அந்தப் புகையை அள்ளிக்கொண்டுபோய், அரிதட்டிலே மாவை அரிப்பதுபோலச் சேலைகளினூடே அரித்து வீடெல்லாம் தூவியது. மாலையில் மனைவி ஈர்க்கு விளக்குமாற்றால் மும்முறை கூட்டினாள். நான் என் பங்குக்கு, தூசு வெளியே போகட்டும் என்று கூரை விசிறியை முழுவேகத்திற் சுழலவிட்டேன்.

இரவு பதினொரு மணிக்கு அம்மாவின் நெஞ்சு இரையத் தொடங்கிற்று. இழுக்கும் மருந்து பயன்படவில்லை. முச்சக்கர வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மூக்கையும் வாயையும் மூடி மருந்தாவி கொடுத்தார்கள். இளவயது வைத்தியர் என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார். அது வயதினால் மாத்திரம் வெளுத்திருக்கவில்லை. “வீட்டிலை என்ன வேலை நடக்குது?” என்று கேட்டார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாயிருந்து பிறரிடம் கேள்வி கேட்டே பழகிய எனக்கு, அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நாவெழவில்லை.

நான் செய்த பிழை யாது? தூசு என்பது கண்ணுக்குத் தெரிவது என்று எண்ணியதே. மனிதரின் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஏழு பங்கு. நூறில் ஒரு பங்கு பருமனுள்ள கற்றுகள், அசைவற்ற காற்றிலே தலைக்கு மேலிருந்து நிலத்தை அடையச் சில நிமிடங்கள் செல்லும். ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள துகளோ பல மணி நேரம் மிதந்துகொண்டே இருக்கும். பெரிய துகளை மூக்கும் தொண்டையும் மறித்துவிடுகின்றன. சுவாசப்பையின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்துகள்தான். நாங்கள் கூட்டி அள்ளியது பெரியதை. கூட்டிக் கிளப்பியது சிறியதை. விசிறி அதை இறங்கவிடாது இராமுழுதும் காத்தது.

இது புதிய அறிவும் அன்று. இத்தாலிய வைத்தியராகிய இறமசீனி, 1700 ஆம் ஆண்டு தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதிய நூலிலேயே, கற்றச்சர் மூச்சோடு உள்வாங்கும் கற்றூசு இருமலையும் தொய்வையும் விளைவிக்கும் என்று சொல்லிவிட்டார். மணல், செங்கல், கொங்கிறீற்று, தரையோடு ஆகியவற்றை வெட்டும்போது எழும் நுண்தூசில் பளிங்குச் சிலிக்கா உண்டு. அதைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான அனைத்துலக அமைப்பு 1997 இல், மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்னும் முதலாம் வகுப்பிலே சேர்த்தது. இவற்றையெல்லாம் நான் படித்தறிந்தது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பின்பு. அம்மாவோ எதையும் படிக்காமலே அறிந்திருந்தார்.

விடியற்காலையிலே வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தவர், நான் மறுபடியும் விளக்குமாற்றை எடுப்பதைக் கண்டார்.

“மோனை, தூசைக் கலைச்சுக்கொண்டு திரியாதை. அதை முதலிலை படுக்க வை. பிறகு அள்ளு.”

இடப்பெயர்வின் பின் திரும்பி வந்தபோது இந்த வீடு கிடந்த நிலையை அவர் அப்போது நினைவூட்டினார். ஓடுகள் உடைந்து, சாந்து உதிர்ந்து, அறைகளிலே கணுக்கால் அளவுக்குப் புழுதி. அன்று அவர் விளக்குமாற்றைத் தொடவில்லை. தகரப்பேணி ஒன்றின் அடியிலே ஆணியால் துளையிட்டு, அறை அறையாக நீரைத் தூவினார். மரத்தூளை நனைத்துப் பரப்பினார். புழுதி ஈரத்தோடு சேர்ந்து கனத்தபின் அதை மெல்ல ஒதுக்கிக் கடகத்தில் அள்ளினார். பார்த்துக்கொண்டு நின்றவன் நான், கற்றுக்கொள்ளத்தான் இல்லை.

அன்று வேலையை நிறுத்திவைத்தோம். அம்மா கட்டிலிலிருந்து சொல்ல, மேசனும் நானும் மனைவியும் வீட்டைத் திருத்துமுன் திருத்தும் முறையைத் திருத்தினோம்.

முதலாவது எல்லை. வேலைநடக்கும் பகுதி வேறு, வாழும் பகுதி வேறு. இடையிலுள்ள வாசலிலே சேலை போய்த் தடித்த பொலித்தீன் வந்தது. நிலையின் நாற்புறமும் ஒட்டுநாடாவால் ஒட்டி, நடுவிலே ஆள் நுழையுமளவு கீறி, அதன்மேல் இன்னொரு தாளை மேற்புறம் மாத்திரம் ஒட்டித் தொங்கவிட்டோம். ஆள் போனதும் அது தானாக விழுந்து கீறலை மூடிக்கொள்ளும். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த வெளியையும் மூடினோம். எங்கள் பழைய வீடுகளிலே தூசு வாசலால் வருவதிலும் முகட்டால் வருவது அதிகம்.

இரண்டாவது காற்று. சோளகம் வீசும் காலத்தில் தென்புறத்து யன்னலைத் திறந்து வேலை செய்வது, வீட்டுக்குள்ளே தூசை ஏற்றும் துருத்தியை வைத்தது போலாகும். வேலையறையின் தென் யன்னலை மூடி, வடபுறத்து யன்னலிலே மேசைவிசிறி ஒன்றை வெளிமுகமாக வைத்தோம். அது அறைக்காற்றை வெளியே தள்ளத் தள்ள, வாழும் பகுதியின் காற்று பொலித்தீன் இடுக்குகளால் வேலையறைக்குள் இழுக்கப்பட்டது. தாள் வேலையறைப் பக்கமாக உப்பி நிற்பதைக் கண்டால் காற்று சரியான திசையிற் போகிறதென்று அறியலாம். மாரியிலே வாடை வீசும்போது இந்த ஏற்பாட்டை மறுதலையாக்கவேண்டும்.

மூன்றாவது நீர். சுவரை இடிக்குமுன் தெளிப்பானால் நனைத்தார்கள். தரையோட்டை வெட்டும் கிறைண்டரை வீட்டுக்குள் எடுப்பதில்லை என்று மேசன் ஒப்புக்கொண்டார். முற்றத்திலே, காற்றுக்குக் கீழ்ப்புறமாக நின்று, வெட்டுவாயில் ஒருவர் நீர் ஊற்ற மற்றவர் வெட்டினார். கொரோனாக் காலத்து முகக்கவசங்கள் அலுமாரியிற் கிடந்தன. துணிக்கவசம் நுண்தூசுக்குப் போதாது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95 கவசங்களைத் தேடி எடுத்து வேலையாட்களுக்குக் கொடுத்தேன். எங்கள் வீடு ஐம்பத்திரண்டு நாட்களில் முடிந்துவிடும். அவர்களுக்கோ ஆயுள் முழுதும் இதுவே காற்று.

நான்காவது வாசற்படி. பழைய வீடுகளின் முகப்பிலே கால் கழுவ ஒரு செம்பு நீர் இருந்ததை வாசகர் பலர் அறிவர். அம்மாவின் சொற்படி வேலையறை வாசலிலே நனைத்துப் பிழிந்த சாக்கு ஒன்றும், அதற்கப்பால் செருப்பு மாற்றும் இடம் ஒன்றும் ஏற்பட்டன. சாக்கைக் காலையிலும் மாலையிலும் கழுவினோம். அது விட்ட சாம்பல்நிற நீரைப் பார்த்தபோதுதான், வீட்டுத் தூசிலே எவ்வளவு காலோடு நடந்து வருகிறது என்பது தெரிந்தது.

நீரைப் பற்றிய பாடத்தையும் நான் அரைகுறையாகவே படித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நாள் விறாந்தையிலே சீமெந்துத் தூள் சிந்திக் கிடந்தது. படுக்கவைக்கிறேன் பேர்வழி என்று இரண்டு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டு உறங்கப் போனேன். காலையிலே அந்தச் சிவப்பு நிலத்தின்மேல் சாம்பல்நிறப் பொருக்கு ஒன்று கல்லாய் இறுகிக் கிடந்தது. தந்தையார் இட்ட நிலத்தில் அந்த வடு இன்றும் உண்டு. சீமெந்தையும் புதுச்சாந்தையும் முதலிலே சட்டகப்பையால் மெல்ல ஒதுக்கி உலர்வாகவே அள்ளிவிடவேண்டும். எஞ்சியதைத்தான் பிழிந்த துணியால் ஒற்றவேண்டும். துணியை அடிக்கடி வேறு நீரில் அலசவேண்டும். ஈரமான சீமெந்து கடுங்காரம் ஆதலால் கையுறையும் வேண்டும். இதை அறியாது துடைத்த மனைவியின் உள்ளங்கை வெடித்துப் புண்ணாயிற்று.

கனடாவிலுள்ள மகன், தூசு உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாங்கும்படி தொலைபேசியிற் சொன்னான். நல்ல யோசனைதான். ஆனால் சாதாரண இயந்திரம் பருந்தூசை விழுங்கி நுண்தூசைப் பின்வழியாற் கக்கிவிடும். ‘ஹெப்பா’ என்னும் நுண்வடி பொருத்தியதே இதற்குரியது. ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் மூன்று பங்கு பருமனுள்ள துகளிலே நூற்றுக்கு 99.97 பங்கை அது மறிக்கும். வாங்க வசதியில்லாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. பழைய செய்தித்தாளைக் கிழித்து நனைத்துப் பிழிந்து நிலத்திற் பரப்பி, அதன் பின்னாலே தும்புத்தடியால் தள்ளிக்கொண்டு போனால் தூசு தாளோடு ஒட்டிக்கொள்ளும். வாரமலர்களுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டென்பதை ஆசிரியர் மன்னிப்பாராக.

இரண்டு இடங்களில் நாங்கள் சற்றும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்று பத்தியின் கல்நார்க் கூரை. இலங்கையில் நீலக் கல்நார் 1987 இலே தடைசெய்யப்பட்டது. வெள்ளைக் கல்நார் கலந்த தகடுகள் அதன்பின்னும் எத்தனையோ கூரைகளிலே ஏறின. இவற்றின் நார் கண்ணுக்குத் தெரியாது. சுவாசப்பையிற் புகுந்தால் வெளியேறுவதும் அரிது. அதனால் வரும் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தே தலைகாட்டும். தகட்டைச் சுத்தியலால் உடைத்து வீழ்த்துவதே வழக்கம். நாங்கள் அம்மாவை அன்று ஒருநாள் பகலுக்கு மாத்திரம், மாலையில் திரும்பக் கொணர்வதாகச் சத்தியம் செய்து, அயல்வீட்டுத் திண்ணையில் இருத்தினோம். தகடுகளை நன்றாக நனைத்து, ஆணிகளைக் கழற்றி, உடையாமல் முழுதாக இறக்கிப் பொலித்தீனாற் சுற்றினோம். அவற்றை அறுக்கவும் விடவில்லை. கோழிக்கூட்டுக்குக் கேட்டவருக்குக் கொடுக்கவும் இல்லை.

மற்றது கிணறு. இக்குடாநாட்டிலே ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் மழைநீரே எங்கள் குடிநீர். மேலே ஊற்றுவது கீழே வடிகட்டப்படாமலே கிணற்றை அடையக்கூடும். ஆகவே சாந்து குழைப்பதும் சட்டகப்பை கழுவுவதும் தீந்தை தோய்ந்த தூரிகையை அலசுவதும் கிணற்றடியிற் கூடாதென்று விலக்கினோம். கிணற்று வாயை வலையிட்டு மூடினோம். வீட்டைத் துப்புரவாக வைப்பதற்காக ஊர் நீரை அழுக்காக்குவது எவ்வகையிற் துப்புரவாகும்?

என் புத்தகங்களைப் பற்றியும் ஆசிரியர்களும் மாணவர்களும் படிக்கும் இவ்விடத்திற் சொல்லவேண்டும். அவற்றை வெள்ளை வேட்டியிற் பொதிந்து இரும்புப் பெட்டியில் இட்டு, பெட்டியின் மூடிவாயைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டினேன். தப்பியிருந்த சில புத்தகங்களின் மேல் சுண்ணத்தூள் படிந்துவிட்டது. ஈரத்துணியாற் துடைத்தால் தூள் குழம்பாகித் தாளினுள் இறங்கிவிடும். புத்தகத்தை இறுக மூடிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய உலர்ந்த தூரிகையால் முதுகுப்புறத்திலிருந்து வெளிநோக்கித் தட்டவேண்டும். நிலத்துக்கு ஈரம், நூலுக்கு உலர்வு.

எல்லாவற்றிலும் பெரிய பாடத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். முதல் இரண்டு கிழமையும் கூட்டியதும் துடைத்ததும் என் மனைவியே. வேலையாட்கள் ஐந்து மணிக்குக் கை கழுவிக்கொண்டு போவார்கள். நான் அவர்களை வழியனுப்பிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் அமர்வேன். அவளுடைய வேலை அப்போதுதான் தொடங்கும். ஒரு நாள், “சுவர் இடிக்கக் கூலி குடுக்கிறியள், சுவர் இடிஞ்ச தூசுக்கு ஆருக்குக் கூலி?” என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து நாலரை மணிக்கே கட்டட வேலை நிற்கும் என்றும், கடைசி அரைமணி நேரம் மேசன் முதல் கையாள் வரை எல்லாரும் தத்தம் இடத்தைத் துப்புரவாக்குவர் என்றும், அந்த அரைமணிக்கும் கூலி உண்டென்றும் பேசிக்கொண்டோம். வாழும் பகுதியின் நிலம் என் பொறுப்பாயிற்று. ஒருவர் முதுகின்மேல் ஏற்றிவைத்த துப்புரவு நெடுநாள் நில்லாது என்பதை, என் முதுகு நொந்தபின்புதான் ஒப்புக்கொண்டேன்.

ஆவணி பிறந்தபோது வேலை முடிந்தது. முடிந்ததும் பொலித்தீனைக் கிழித்தெறிய ஆசையாயிருந்தது, அம்மா விடவில்லை. ஒருநாள் முழுதும் ஒருவரும் அசையாது தூசை இறங்கவிட்டு, முகட்டிலிருந்து தொடங்கி, சலாகை, சுவர், விசிறியலகு, யன்னல், நிலம் என்று மேலிருந்து கீழாகப் பிழிந்த துணியால் துடைத்தோம். மூன்று நாள் இடைவிட்டு இன்னும் இருமுறை அவ்வாறே செய்தோம். மூன்றாம் முறை துணி ஓரளவு வெள்ளையாகவே திரும்பி வந்தது. அதன்பின்தான் எல்லைத் தாளைத் தண்ணீர் தெளித்து உள்முகமாகச் சுருட்டி எடுத்தோம். அந்த ஐம்பத்திரண்டு நாட்களில், முதல் இரவைத் தவிர, அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரவில்லை.

இப்போது நடுச்சாமத்திலே சில வேளை விழித்துக்கொள்வேன். பக்கத்தறையிலே கட்டில் கிறீச்சிடும். பின்பு காலடியோசை கேட்கும்: ஒன்று, இரண்டு என்று எண்ணினால் ஏழாவது அடியிற் புதுக்கதவு திறக்கும். சற்று நேரத்தில் மறுபடியும் ஏழு அடிகள். பின்பு காது கொடுத்துக் கேட்பேன். இரைச்சல் இல்லாத மூச்சு, சீராக வந்துகொண்டிருக்கும்.